மாடி வீட்டில் பெரிய மீன் தொட்டி: தளம் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மீன் வளர்ப்பவர்களிற் பலர் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தெஹிவளையிலோ தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்கள். இரண்டடித் தொட்டியில் தொடங்கி, நாலடிக்கு வளர்ந்து, ஒருநாள் ஆறடித் தொட்டிக்கு ஆசைப்படும்போதுதான் தளத்தின் நினைவு வருகிறது. கட்டட வேலையில் இருப்பதாலும் வீட்டில் தொட்டி வைத்திருப்பதாலும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆறடித் தொட்டி ஒன்று உண்மையில் எவ்வளவு பாரம்?

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் கொள்ளளவு 24 கன அடி, அதாவது ஏறத்தாழ 680 லீட்டர். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மேலே இரண்டங்குலம் குறைத்து நிரப்பினாலும் தண்ணீர் மட்டும் 620 கிலோவைத் தாண்டும். 12 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 30 கிலோ வீதம் பாரமானது. அடிப்பக்கமும் நான்கு சுவர்களும் சேர்ந்து நான்கு சதுர மீற்றருக்குச் சற்று மேல் வருவதால், வெறுந் தொட்டியே 120 கிலோவுக்குக் குறையாது. மணல், கல், இரும்பு ஸ்டாண்ட், மூடி, பில்ட்டர் எல்லாவற்றையும் கூட்டினால் 950 கிலோ அளவில் வந்து நிற்கும். கணக்குக்கு 1,000 கிலோ, ஒரு தொன் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கீழே சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி, வைப்பவர்கள் அதன் தண்ணீரையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்; அது இன்னொரு 100 முதல் 150 கிலோ.

கடல்நீர்த் தொட்டி இன்னும் பாரமா என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் அதிகம். இந்த அளவுத் தொட்டிக்கு அது பதினாறு, பதினேழு கிலோ. அதில் மண்டையை உடைக்கத் தேவையில்லை. கடல்நீர்த் தொட்டியில் பாரத்தைக் கூட்டுவது உள்ளே அடுக்கும் பாறைகளே.

ஒரு வீட்டுத் தளம் எவ்வளவு தாங்குமாறு கட்டப்படுகிறது?

நமது பொறியியலாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவந்த பிரித்தானிய நியமமான பி.எஸ். 6399, வீட்டு அறைகளுக்குச் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன் பாரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னது. இது ஏறத்தாழ 150 கிலோ. சதுர அடிக்கு 14 கிலோ. பின்னர் வந்த ஐரோப்பிய நியமமான யூரோகோட் 1.5 முதல் 2 கிலோநியூட்டன் வரை சொல்கிறது. தளத்தின் சொந்தப் பாரம் இதில் சேராது. ஐந்தங்குலக் கொங்கிறீட் தட்டுத் தன்னளவிலேயே சதுர மீற்றருக்கு 300 கிலோ இருக்கும். அதைச் சுமந்துகொண்டுதான் மேலதிகமாக இந்த 150 கிலோவையும் தாங்க வேண்டும்.

நமது தொட்டியின் அடிப்பரப்பு 1.1 சதுர மீற்றர். அதன் மேல் ஒரு தொன் என்றால் சதுர மீற்றருக்கு 900 கிலோ. தண்ணீர் ஓரடி உயரம் நின்றாலே சதுர மீற்றருக்கு 305 கிலோ, இரண்டடிக்கு 610. நீளமும் அகலமும் எதுவாக இருந்தாலும் இந்த எண் மாறாது, உயரந்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகளில் தளத்துக்கு இதமானது உயரம் குறைந்து அகலம் கூடியதே. அரோவானா போன்ற நீந்த இடம் தேடும் மீன்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

900 கிலோ என்பது 150 கிலோவின் ஆறு மடங்கு. அப்படியானால் மாடியில் வைக்கவே முடியாதா?

அவ்வளவு எளிதாக முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் அவ்வளவு எளிதாகத் துணிந்துவிடவும் கூடாது. 150 கிலோ என்பது அறை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும் பாரமாக எண்ணிச் செய்யப்படும் கணக்கு. பன்னிரண்டுக்குப் பதினான்கடி அறை ஒன்றுக்கு அது மொத்தம் 2,300 கிலோவுக்கு மேல் வரும். மொத்தத்தைப் பார்த்தால் ஒரு தொன் தொட்டி அதில் பாதிகூட இல்லை. ஆனால் தட்டு உடைவதும் வளைவதும் மொத்தப் பாரத்தால் மட்டும் அல்ல, அந்தப் பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதால். ஒரு பலகையின் இரு முனைகளையும் கல்லில் வைத்து நடுவில் ஏறி நின்றால் அது தொய்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் அசைவதே இல்லை. நிற்பவர் ஒருவர்தான், பலகையும் ஒன்றுதான்.

அறையில் எங்கே வைப்பது பாதுகாப்பு?

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவது பயன்தரும். 3.6 மீற்றர், அதாவது பன்னிரண்டடி தூரத்தை, எதிரெதிரான இரண்டு பீம்களில் தங்கி ஒரு தட்டு கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீற்றருக்கு 150 கிலோ சீராக ஏறினால், ஒவ்வொரு மீற்றர் அகலப் பட்டையிலும் நடுவில் ஏற்படும் வளைக்கும் திருப்பம், அதாவது பாரம் தட்டை வளைக்க முயலும் வலிமை, சுமார் 240 கிலோமீற்றர் ஆகும்; இங்கே கிலோமீற்றர் என்பது தூரம் அல்ல, கிலோவை மீற்றரால் பெருக்கிய அலகு. ஆட்களும் தளபாடங்களும் ஏற்றும் பாரத்துக்காக அந்தத் தட்டு சந்திக்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட அளவு அது.

இப்போது ஆறடித் தொட்டியை அந்தப் பீம்களில் ஒன்றுக்கு இணையாக, அதன் மேலுள்ள சுவரோடு ஒட்டி வைப்போம். நீளம் 1.8 மீற்றர் என்பதால் ஒரு மீற்றருக்கு 555 கிலோ. தொட்டியின் நடுக்கோடு தாங்கும் விளிம்பிலிருந்து 35 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும். அப்போது வரும் அதிகூடிய திருப்பம் 175 அளவுதான். எதிர்பார்க்கப்பட்ட 240க்குள் அடங்குகிறது. அதே தொட்டியை அறையைப் பிரிக்கும் தடுப்பாக நட்டநடுவில், அதே திசையில் வைத்தால் திருப்பம் 500. அனுமதித்த அளவின் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஒரு கிலோகூடக் கூட்டவில்லை. ஐந்தடி தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். சஞ்சிகைப் படங்களைப் பார்த்து வரவேற்பறைக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவே தொட்டி வைக்க விரும்புபவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இது மெய்யான கட்டடத்தைவிட எளிமையான கணக்கு. மெய்யான தட்டுகள் பெரும்பாலும் நான்கு பக்கமும் பீம்களில் தங்கி, பாரத்தைப் பக்கத்துப் பட்டைகளுக்கும் பகிர்ந்துவிடும். அவற்றில் அறையின் மூலைதான் எல்லாவற்றிலும் உறுதியான இடம். எண்கள் மாறும்; ஓரம் நல்லது, நடு கெட்டது என்பது மாறாது.

எந்தச் சுவரோரமும் போதுமா?

போதாது. தொடர்மாடிகளில் பாரத்தைச் சுமப்பவை தூண்களும் பீம்களும். அறைகளைப் பிரிக்கும் நான்கங்குலச் செங்கல் அல்லது புளொக் சுவர்கள் பல, தாமே தட்டின் மேல் உட்கார்ந்திருப்பவை. அவ்வகைச் சுவருக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தால், ஏற்கெனவே சுவரைச் சுமக்கும் தட்டின் மீது இன்னொரு தொன்னை ஏற்றியதாகிவிடும்.

பீம் எங்கே ஓடுகிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. தொடர்மாடிகளில் பெரும்பாலும் ஒரே வரைபடமே மாடிக்கு மாடி திரும்ப வருகிறது. ஆகவே உங்கள் தலைக்கு மேலே சீலிங்கில் பீம் எங்கே தொங்குகிறதோ, அநேகமாக அதே கோட்டில்தான் உங்கள் காலுக்குக் கீழேயும் ஒன்று ஓடும். போலிச் சீலிங் அடித்து மறைத்திருந்தால் அதில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதைவிடச் சிறந்தது கீழ்வீட்டுக்குப் போய், "அக்கா, உங்கட சீலிங்கை ஒருக்காப் பார்க்கலாமோ?" என்று கேட்பது. தொட்டி வைக்கும் முன் அந்தக் கதவைத் தட்டுவது, தண்ணீர் ஒழுகிய பிறகு தட்டுவதைவிட எவ்வளவோ இலகு.

"யானை ஏறினாலும் அசையாது" என்று மேசன் சொல்கிறார். அவரை நம்பலாமா?

தாம் கட்டிய வேலையில் அவருக்குள்ள பெருமையை மதிக்கலாம். ஆனால் யானை ஏறினால் இறங்கிவிடும், தொட்டி இறங்காது. கொங்கிறீட் நிலையான பாரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும் இயல்புடையது. முதல் நாள் காணும் தொய்வு, சில ஆண்டுகளில் அதன் இரண்டு மூன்று மடங்காகலாம். கலியாண வீட்டில் ஐம்பது பேர் நின்றுவிட்டுப் போவதும், ஒரு தொன் தண்ணீர் இரவு பகலாகப் பத்து வருடம் நிற்பதும் ஒன்றல்ல.

கணக்கில் எப்போதும் ஒரு காப்புப் பெருக்கம் சேர்க்கிறார்களே, பழைய பிரித்தானிய முறையில் அது 1.6 ஆயிற்றே, அதற்குள் நம் தொட்டி அடங்கிவிடாதா என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். அந்தக் காப்பு, எதிர்பாராமல் கூடும் பாரத்துக்காகவும், பாரத்தின் விளைவைக் கணக்கிடுவதில் நேரும் பிழைக்காகவும், அளவு பிசகிக் கட்டிய தட்டுக்காகவும் வைத்திருப்பது. அதில் எவ்வளவு ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று வெளியே நின்று சொல்ல முடியாது.

நிலமட்டத் தளத்தில் கவலையில்லையா?

பெரும்பாலும் இல்லை. தளம் நேரடியாக மண்ணின் மேல் ஊற்றப்பட்டிருந்தால் அது வளைவதற்கே இடமில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வாகனத் தரிப்பிடத்துக்கு மேலுள்ள தளம் நிலமட்டமாகத் தோன்றினாலும் அது தொங்கும் தட்டுத்தான். மற்றது மண். கொழும்பைச் சுற்றிக் கிருலப்பனை, கொலன்னாவைப் பக்கங்களிலுள்ள தாழ்நிலங்களில் சதுப்பை நிரப்பிக் கட்டிய வீடுகள் நிறைய உண்டு. நிரப்பிய மண் சரியாக இறுகாதிருந்தால் தளம் ஒரு பக்கமாக இறங்கும். அங்கே வாசலோரத்தில் தளம் பிளந்து நிற்கிறதா, சுவருக்கும் தளத்துக்கும் இடையே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் பழைய மாடி வீடு, மேல்தளம் பலகை. வைக்கலாமா?

ஆறடித் தொட்டி வேண்டாம். பலகைக்குக் கீழே ஓடும் தீராந்திகளின் முனைகள் செங்கல் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும். ஈரம் ஊறி உக்குவதும் கறையான் ஏறுவதும் அந்த முனைகளிலேயே தொடங்கும், வெளியே தெரியாது. சிறு தொட்டி வைப்பதானாலும் தீராந்திகளுக்குக் குறுக்காக, பல தீராந்திகள் பாரத்தைப் பகிரும்படி, அவை சுவரில் ஏறும் முனைக்கு அருகே வைக்க வேண்டும். ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் கோடுதான் தீராந்தி ஓடும் கோடு.

பல்கணியில்?

வைக்கவே கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல்கணியில் பாரத்தைத் தாங்கும் கம்பி தட்டின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். கொங்கிறீட் ஊற்றும்போது வேலையாட்கள் அதன் மேல் நடந்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவது நம் ஊரில் சாதாரணம். பல்கணிகளுக்கு யூரோகோட் அறைகளைவிடக் கூடிய பாரத்தைச் சொல்வது உண்மைதான். அது மக்கள் கூடி நிற்பதற்காகச் சொன்னது.

கடற்கரைப் பக்கக் கட்டடம் என்பதால் வேறுபாடு உண்டா?

உண்டு; கொழும்பில் இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதே வியப்பு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கட்டடங்களில் உப்புக்காற்று ஆண்டுக்கணக்கில் கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு கம்பியைவிடப் பருமன் கூடியது. அது உள்ளிருந்து தள்ளுவதால் தட்டின் அடிப்பக்கம் முதலில் கீறும், பின்னர் பழுப்புக் கறை இறங்கும், கடைசியில் சல்லடைபோலக் கம்பி தெரியக் கொங்கிறீட் பெயர்ந்து விழும். அந்த அடிப்பக்கக் கம்பிதான் உங்கள் தொட்டியைச் சுமக்கப் போகிறது.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றுக்கு ஒருமுறை அழைத்துப் போனார்கள். தொட்டி நிரப்பி ஏழெட்டு மாதம் இருக்கும். வீட்டுக்காரர் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தைப் பேனையால் கோடு கீறி வைத்திருந்தார். அறையின் நடுப்பக்கம் பார்த்த முனையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது. கீழ்வீட்டுக்கு இறங்கிப் பார்த்தால், அதே இடத்தில் சீலிங் வர்ணத்தில் மயிரிழைபோல ஒரு கீறல், அதன் இரு பக்கமும் தேநீர் சிந்தியதுபோலக் கறை. அந்தக் கறை தொட்டிக்கு முன்பே இருந்ததென்று கீழ்வீட்டார் சொன்னார்கள். கேட்பதற்குத்தான் யாரும் போகவில்லை. அன்று மாலையே தண்ணீரை வடிக்கச் சொன்னேன்.

ஸ்டாண்டுக்குக் கீழே பிளைவூட் போட்டால் பாரம் குறையுமா?

மொத்தப் பாரம் ஒரு கிராம்கூடக் குறையாது. தட்டின் வளைவும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். பிளைவூட் காப்பாற்றுவது டைல்ஸை. பொக்ஸ் பார் எனும் சதுர இரும்புக் குழாயால் செய்த ஸ்டாண்ட் நான்கு கால்களில் நின்றால் ஒரு காலுக்கு 250 கிலோ. இரண்டங்குலச் சதுரப் பாதத்தில் அது கொங்கிறீட்டுக்கு ஒன்றுமே அல்ல, ஆனால் அடியில் சாந்து நிறையாத டைல் அதைத் தாங்காது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெறும் ஓடுபோலச் சத்தம் வரும் டைலின் மேல் கால் வரக்கூடாது. கால்களை ஆறு அல்லது எட்டாக்கி, அடியில் நீளமான இரும்புச் சட்டம் வைப்பது சிறந்தது. தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் போடும் ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைத் தகடு வேறு வேலைக்கு: அது சிறு மேடுபள்ளங்களைச் சமன் செய்து கண்ணாடி வெடிக்காமல் காக்கிறது. தளத்தைக் காப்பது அதன் வேலையல்ல.

நிரப்பிய பிறகு எதைக் கவனிப்பது?

ஒரே நாளில் நிரப்பாதீர்கள். கால் பங்கு நிரப்பி, நான்கு முனைகளிலும் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள்ள தூரத்தை அளந்து எழுதி வையுங்கள்; மட்டப்பலகையைவிடத் தண்ணீரே நம்பகமான மட்டம். ஒரு நாள் விட்டு அரைப் பங்கு, பிறகு முக்கால். முழுதும் நிரப்பிய பின் முதல் மாதம் வாரந்தோறும், அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை அளவுகளை ஒப்பிடுங்கள். அளவு ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால், பக்கத்து அறைக் கதவு திடீரென்று நிலையில் இறுகினால், தளத்துக்கும் சுவரடிப் பட்டிக்கும் இடையே புதிய இடைவெளி தெரிந்தால், முதலில் தண்ணீரை வடித்துவிட்டுப் பின்னர் காரணத்தைத் தேடுங்கள். தண்ணீரின் ஒரு நல்ல குணம், ஒரு குழாயும் குளியலறை வடிகாலும் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பாரத்தைப் பாதியாக்கிவிடலாம் என்பது. புத்தக அலுமாரிக்கு அந்த வசதி இல்லை.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எப்போது பொறியியலாளர் தேவை?

நாலடி நீளம், ஒன்றரை அடி அகல உயரமுள்ள தொட்டி 255 லீட்டர்; எல்லாம் சேர்த்து 400 கிலோவுக்குள் நிற்கும். கீறலில்லாத கொங்கிறீட் தட்டில், பீம் ஓரத்தில் அதை வைப்பதற்கு நான் யாரையும் பொறியியலாளரிடம் அனுப்புவதில்லை. 500 கிலோவைத் தாண்டினால் அனுப்புவேன். பிரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்த, பீம்களை அடுக்கி மேலே மெல்லிய கொங்கிறீட் ஊற்றிய தளமானால், அதைவிடக் குறைந்த பாரத்துக்கும் கேட்பது நல்லது, ஏனென்றால் அங்கே பாரம் பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவாது.

தொடர்மாடிகளின் உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமையும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உங்கள் கட்டடத்தில் இருக்குமானால், கட்டமைப்பு வரைபடங்களைப் பார்க்க முதலில் அங்கே கேளுங்கள். விற்பனையின்போது தந்த அழகிய மாடித் திட்டத்தில் கம்பி இருக்காது. பொறியியலாளர், 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொறியியற் பேரவையில் பதிவு செய்தவரா, கட்டமைப்பு வேலையில் பழகியவரா என்று விசாரியுங்கள். அவரிடம் தொட்டியின் அளவையும் ஸ்டாண்ட் கால்களின் இடங்களையும் எழுதிக் கொடுங்கள். "பெரிய தொட்டி" என்று மட்டும் சொன்னால் அவரால் தலையைத்தான் ஆட்ட முடியும். வாடகை வீடானால், வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

தளம் பலமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கீழே முட்டுக் கொடுத்து வைக்கலாமா?

சொந்த இரண்டு மாடி வீடானால் முடியும். தட்டின் அடியில், தொட்டியின் கோட்டில் இரும்புப் பீம் ஒன்றைக் கொடுத்து, அதன் இரு முனைகளையும் பாரந்தாங்கும் சுவரிலோ அத்திவாரம் வரை இறங்கும் தூண்களிலோ ஏற்றுவது வழக்கமான முறை. தட்டுக்கும் பீமுக்கும் இடையில் விடுபடும் இடைவெளியைச் சுருங்காத சாந்தால் இறுக்கி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தட்டு தொய்ந்து வந்து தொடும்வரை பீம் சும்மாதான் இருக்கும். கீழறையில் ஒற்றை இரும்பு ஜக்கை நிறுத்திவிடுவது முறையல்ல: அது பாரத்தைக் கீழ்த்தளத்தின் ஒரு புள்ளிக்கு மாற்றுகிறது, அத்துடன் நடுவில் முட்டுக் கொடுத்த இடத்தில் தட்டு எதிர்ப்பக்கமாக வளைய முயலும்போது அதற்கான மேற்கம்பி அங்கே இருப்பதில்லை. தொடர்மாடியில் இந்த வேலை இன்னொருவருடைய வீட்டுக்குள் நடக்கவேண்டியதாகையால், அங்கே உள்ள வழி ஒன்றுதான்: தொட்டியின் உயரத்தை ஒன்றரை அடிக்குக் குறைத்து, நீளத்தைப் பீமின் கோட்டில் வைத்து, கணக்கை மறுபடி போடுவது. இரண்டடி அகலத்தை விட்டுக்கொடுக்காமலே, அதில் தண்ணீர் மட்டும் 170 கிலோ குறைகிறது.